கண்டி ஸ்டேசன் பக்கத்தில் ஒரு காம்பரா

கண்டியில் ராத்தங்க எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு காலத்தில் இரண்டே காரணங்கள்தான் இருந்தன. ஒன்று பெரியாஸ்பத்திரி. மற்றது இந்தியா பாஸ்போட். தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலம் பார்க்கப் போனவர்கள்கூட கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பிவிடுவார்கள். வாவியைச் சுற்றி நடப்பது, மாளிகைக்கு முன்னால் நின்று படம் பிடிப்பது எல்லாம் ஒரு பகலில் அடங்கிவிடும் காரியங்கள். ஒருவர் இரவு அங்கே நின்றுவிட்டார் என்றால் வீட்டில் யாருக்கோ ஏதோ சரியில்லை என்றுதான் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பேச்சு வரும்.

பாஸ்போட் கதை எனக்குக் கேள்வி ஞானம்தான். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று நாடற்ற எங்கள் ஆட்களைப் பிரித்தார்கள். மிச்சம் விட்ட 150,000 பேரை 1974-ல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் பாஸ்போட் வேலையாகக் கண்டிக்கு அலைந்தார்கள். இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் அங்கேதான் இருக்கிறது. என் தாத்தாவின் தம்பி குடும்பமும் அப்படி அலைந்த குடும்பம்தான். ஒரே நாளில் முடியாத வேலை என்றால் ராத்திரிக்கு எங்கே போவது? தெரிந்தவர் கடையின் பின்கட்டு, கோயில் மண்டபம், அதுவும் இல்லையென்றால் ஸ்டேசன் வாங்கு. அப்புறம் ஒரு நாள் அட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். வழியனுப்பப் போனவர்கள் பிளாட்போமில் நின்று வைத்த ஒப்பாரியைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக் கதை இன்றைக்கும் நடக்கிறது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இந்திய உதவியில் புதுக் கட்டடம் வந்து, 2017-ல் மோடியே வந்து திறந்துவைத்தார். நல்ல காரியம். ஆனாலும் நெஞ்சு, மூளை, சிறுநீரகம் என்று விஷயம் பெரிதானால் துண்டு எழுதிக் கண்டிக்குத்தான் அனுப்புவார்கள். நாட்டின் இரண்டாவது பெரிய ஆஸ்பத்திரி அங்கேதானே இருக்கிறது. கிளினிக் என்றால் காலையிலேயே போய் நம்பர் எடுக்க வேண்டும். மஸ்கெலியாப் பக்கத்து மேல் தோட்டம் ஒன்றிலிருந்து அதற்குக் கிளம்புகிறவர் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இருட்டில் டோர்ச் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி, அட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கும் இன்னொரு பஸ். பாதித் தூரத்திலேயே அம்மாவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிடும். டொக்டர் பிரஷர் பார்த்துவிட்டு "ஏன் இவ்வளவு கூடியிருக்கு?" என்று கேட்பார். வந்த பாதையை அவருக்கு எப்படி விளக்குவது?

முதல் நாளே போய்த் தங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தங்குவது என்பது எங்களுக்கு வெறும் காசு விஷயமாக இருந்ததில்லை.

யுத்த காலத்தில் தமிழ்ப் பெயரோடு லொட்ஜ் வாசலில் போய் நிற்பதற்கே தனித் தைரியம் வேண்டும். எந்த ஊர், எதற்கு வந்தாய், எத்தனை நாள், கூட வந்திருப்பது யார் என்று கேட்டு, அடையாள அட்டையை வாங்கிக் கொப்பியில் எழுதி, பொலிஸுக்கும் அறிவிப்பார்கள். ராத்திரி கதவு தட்டப்படலாம். அடையாள அட்டையே இல்லாதவர்கள் தோட்டங்களில் எத்தனையோ பேர். 1948-ல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 2003-ல் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வரும்வரை நாடற்றவர்களாகவே இருந்தவர்களும் அதில் உண்டு. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 300-க்கும் மேற்பட்ட தமிழர்களை எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, ஊரை விட்டு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே அதைத் தடுத்தது. ஆனால் தடுத்த செய்தியைவிட ஏற்றிய செய்திதான் லயங்களில் நிலைத்தது. "டவுன்ல ராத்தங்காத" என்பதை என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

யுத்தம் முடிந்து வெளிநாட்டுக்காரர்கள் வரத்து கூடியதும் கண்டியில் கெஸ்ட் ஹவுஸும் ஹோம்ஸ்டேயுமாக முளைத்தன. அங்கே தொல்லை வேறு மாதிரி. இணையத்தில் அறை காலி என்று காட்டும். போன் போட்டுத் தமிழிலோ சிங்களத்திலோ கேட்டால் அறை முடிந்துவிட்டது என்பார்கள். ஓரிடத்தில் ஒளிவுமறைவில்லாமலே சொன்னார்கள்: உள்ளூர் ஆட்களை எடுப்பதில்லையாம், அறைக்குள் சமைப்பார்களாம், சத்தம் போடுவார்களாம். அம்மா நெஞ்சு நோயாளி. சத்தம் போட மூச்சு இருந்தால் நாங்கள் ஏன் கண்டிக்கு வருகிறோம்?

இவ்வளவையும் சொன்னால்தான் ஸ்டேசனை ஒட்டி எழும்பியிருக்கும் ஒரு சாதாரணப் புது ஹோட்டலை நான் ஏன் இப்படிப் புகழ்கிறேன் என்பது விளங்கும். பெயர் சொல்லவில்லை, விளம்பரமாகிவிடும். நாலைந்து மாடி, முகப்பில் கண்ணாடி. நீச்சல் குளம் கிடையாது, பூந்தோட்டம் கிடையாது, வாசலில் மேளக்காரன் கிடையாது. லிப்ட் உண்டு, அம்மாவுக்கு அதுதான் முக்கியம். இருபத்துநாலு மணித்தியாலமும் வரவேற்பில் ஆள் உண்டு. வாடகை முன்னாலேயே எழுதியிருக்கிறது. ஆளைப் பார்த்து விலை மாறாது. இந்தக் கட்டடத்தைத் தூக்கிக்கொண்டுபோய் துபாயில் வைத்தாலும் பொருந்தும். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதைத்தான் குறையாகச் சொல்வார்கள், ஊரின் வாசனையே இல்லை என்று. எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஊரின் வாசனை வீசும் ஹோட்டல்கள் மலையகத்தில் ஏராளம். துரைமார் பங்களாக்களைத் துடைத்து மெருகேற்றி வாடகைக்கு விடுகிறார்கள். கந்தப்பொளையில் ஹெதர்செட் தேயிலைப் பேக்டரியை அப்படியே ஹோட்டலாக்கி 1996-ல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் தாத்தா பங்களாவின் பின்பக்கம் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர். முன்பக்கத்து விறாந்தையில் உட்கார்ந்து காலைத் தேநீர் குடிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதற்கான பணமும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

அறை பதியும்போது ஒரு வேடிக்கை நடந்தது. இணையப் படிவத்தில் வீட்டு இலக்கம், வீதியின் பெயர் எல்லாம் கேட்டது. லயத்துக்கு ஏது இலக்கம்? பெரும்பாலான தோட்டங்களில் கடிதம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். அங்கிருந்து யாராவது எடுத்துவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து கைக்கு வந்து வேலை தவறிப்போனவர் ஒருவராவது எல்லாத் தோட்டத்திலும் இருப்பார். இலக்கத்தை விட்டுவிட்டு மேலே போகப் பார்த்தேன். கட்டாயம் நிரப்பு என்று சிவப்பெழுத்தில் நின்றது. 1 என்று போட்டேன். பேசாமல் ஏற்றுக்கொண்டது. வீதி என்ற இடத்தில் 'மேல் பிரிவு' என்று எழுதினேன், அதையும் ஏற்றுக்கொண்டது. இந்த நாட்டில் எங்கள் முகவரியை மறுகேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டது அந்தக் கணினி ஒன்றுதான்.

வரவேற்பில் நின்ற பிள்ளை முதலில் சிங்களத்தில் பேசினாள். என் அடையாள அட்டையை வாங்கிப் படித்ததும் தமிழுக்கு மாறினாள்.

"அண்ணே, மஸ்கெலியாப் பக்கமா?"

யாரும் எதுவும் விசாரிக்காத இடம் என்று நான் மனசுக்குள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் இந்தக் கேள்வி. ஆனால் லொட்ஜ்காரன் கேட்பதும் இவள் கேட்பதும் ஒன்றில்லையே. அவள் புசல்லாவைப் பக்கத்துப் பிள்ளை. ஏ.எல். முடித்து, ஹோட்டல் கோர்ஸ் ஒன்று படித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறாள். அம்மா பிடித்துக்கொண்டார். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, யாரு மக, அப்பா பேக்டரியிலா மலையிலா என்று வரிசையாகக் கேள்வி.

"எங்க சின்னம்மா மவள ஒங்க பக்கந்தாம்மா கட்டிக் குடுத்திருக்கோம். வாட்டமா, செவப்பா இருப்பா. தெரியுமா?"

"பாத்தா தெரியும்மா. மொதல்ல மேல போயி கொஞ்சம் படுங்க. டியூட்டி முடிஞ்சதும் வந்து பேசுறேன்."

பின்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் முதுகுப் பையோடு காத்து நின்றார்கள். அம்மா அதைக் கவனித்த மாதிரியே இல்லை. கண்டியிலும் நுவரெலியாவிலும் இப்படியான இடங்களில் சட்டைப் பையில் பெயர்த்தகடு குத்திக்கொண்டு நிற்பவர்களில் தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். மூன்று பாஷை பேசுகிறார்கள், சம்பளம் மாசம் முடிய வங்கிக்குப் போகிறது. மழையில் கொழுந்துக் கூடையோடு நிற்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று அம்மாவே லிப்டில் சொன்னார்.

அறைக் கதவைத் திறந்ததும் அம்மா உள்ளே போகாமல் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் சுவரிலிருந்து சுவருக்கு அடி வைத்து நடந்தார்.

"நம்ம காம்பரா அளவுதான்டா."

சரியாகத்தான் சொன்னார். பழைய லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. இந்த அறையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், குளியலறையை விட்டுவிட்டால். நாங்கள் ஆறு பேர் அப்படி ஒன்றில் வளர்ந்தோம். முன்னால் இஸ்தோப்பு, பின்னால் குசினி, புகை போக வழியில்லாமல் கறுத்த தகரம். இங்கே அதே அளவுக்குள் இரண்டு கட்டில், ஒரு மேசை, சுவரில் டீவி, சுடுதண்ணீர் வரும் குளியலறை, கால் நீட்ட இடம். அலுமாரி கிடையாது, சுவரில் கொக்கிகள்தான். கட்டிலுக்கு அடியில் பெட்டியைத் தள்ளலாம். தலைமாட்டில் போனுக்குக் கரண்ட் ஏற்ற ஒரு சொக்கெட்டு, படிக்க ஒரு சின்ன லைட்டு. இந்த அறையை வரைந்தவருக்கு ஒவ்வோர் அங்குலமும் கணக்கு. லயத்தைக் கட்டிய வெள்ளைக்காரனுக்கும் அங்குலக் கணக்கு இருந்தது, ஆனால் அவன் கணக்கில் ஆட்கள் இருக்கவில்லை.

கதவுச் சாவிக்குப் பதில் ஓர் அட்டை. அதை உள்ளே சுவரில் இருக்கும் பொந்தில் செருகினால்தான் லைட் எரியும். அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனால் எல்லாம் தானாக அணைந்துவிடும். அம்மாவுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. மருமகளுக்கு ஒன்று வாங்கிப் போக வேண்டும் என்றார்.

ஏசி பற்றி ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து கண்டிக்கு வருகிறவர்கள் சுவெட்டர் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். நாங்கள் மேலேயிருந்து வருகிறவர்கள். அட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம், கண்டி வெறும் 500 மீற்றர். எங்களுக்குக் கண்டி வெக்கை. ஆனாலும் ஏசியைப் போட்டால் அம்மாவுக்கு மூச்சு இழுக்கும் என்று ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன். ஒரு சாண் மட்டும் திறந்து நின்றுவிட்டது. பாதுகாப்பாம். மின்விசிறியும் இல்லை. மலையில் கட்டும் ஹோட்டலுக்கு ஒரு மின்விசிறி மாட்டக்கூடாதா? துபாயில் வைத்தாலும் பொருந்தும் என்று சொன்னேனே, அதில் இருக்கும் கஷ்டம் இது.

மேசையில் கேத்தலும் இரண்டு கோப்பையும் தேயிலைப் பொட்டலங்களும் வைத்திருந்தார்கள். ஐம்பத்தைந்து வயது வரை கொழுந்து பறித்தவர் அம்மா. பொட்டலத்தைக் கையில் எடுத்து நூலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சுடுதண்ணீரில் போட்டதும் நிறம் சடசடவென்று இறங்கியது. ஒரு வாய் குடித்துவிட்டு எதுவும் பேசவில்லை. அடுத்த பொட்டலத்தை எடுத்துப் பிய்த்து, உள்ளங்கையில் கொட்டி, விரலால் தேய்த்தார்.

"பேக்டரியில கூட்டி அள்ளுறத பையில போட்டு வச்சிருக்கானுங்க."

அது கொஞ்சம் அநியாயமான தீர்ப்புதான். பைத் தேயிலைக்குச் சீக்கிரம் சாயம் இறங்க வேண்டும் என்பதால் டஸ்ட், பெனிங்ஸ் என்கிற பொடி ரகங்களைத்தான் போடுவார்கள். தரையில் கூட்டியது இல்லை. சொன்னேன். அம்மா கேட்கவில்லை. தன் பையிலிருந்து தோட்டத்தில் கொடுத்த தூளை எடுத்தார். மடித்து ரப்பர் பேண்ட் போட்ட ஷொப்பிங் பேக்கில் அதைக் கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். கோப்பையில் தூளைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மற்றக் கோப்பையைக் கவிழ்த்து மூடி, அடங்கும்வரை காத்திருந்து தெளிய இறுத்துக் கொடுத்தார். நல்ல பிளேன்டீ. ஹோட்டல்காரர்களின் பொட்டலத்தில் 'சுத்தமான சிலோன் தேயிலை' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது.

எங்கள் அறை ரயில் பக்கம். ஜன்னலிலிருந்து பார்த்தால் தண்டவாளங்களும் நிற்கும் பெட்டிகளும் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அறிவிப்புகள் ஓய்ந்துவிடும். அப்புறமும் டீசல் எஞ்சின் ஒன்று எங்கோ உறுமிக்கொண்டிருந்தது. சத்தம் பிடிக்காதவர்களுக்கு இந்த ஹோட்டல் சரிவராது. எனக்குத் தூக்கம் வராத வழக்கம் உண்டு; யார்ட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கண்டி ஸ்டேசன் வரைபடத்தில் ஒரு விசித்திரம். மலைநாட்டுப் பெரிய பாதை கண்டியைத் தொடாமலே போகிறது. முதலில் 1867-ல் கொழும்பிலிருந்து கண்டி வரைக்கும்தான் பாதை போட்டார்கள். அது கோப்பிக் காலம். அப்புறம் பேராதனைச் சந்தியில் கிளை பிரித்து 1874-ல் நாவலப்பிட்டி, 1884-ல் அட்டன், 1885-ல் நானுஓயா, 1894-ல் பண்டாரவளை என்று மேலே மேலே போய், கடைசியில் 1924-ல் பதுளையைத் தொட்டது. அந்தக் கிளையே பெரிய பாதையாகிவிட்டது, கண்டி ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. அதனால்தான் பொடி மெனிக்கே ரயில் கண்டிக்குள் வந்து, வந்த வழியே திரும்பி, பேராதனைக்குப் போய் மேலே ஏறுகிறது. உடரட மெனிக்கே அந்தச் சிரமம் எடுப்பதில்லை, பேராதனையோடு சரி.

1867 என்பது இன்னொரு வகையிலும் எங்கள் வருசம். அதே வருசம்தான் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருசம் கழித்து, 1869-ல், இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழிக்கத் தொடங்கியது. கோப்பி இறக்கப் போட்ட பாதையில் தேயிலை இறங்கத் தொடங்கியது. ஆனால் கோப்பி பறிக்கவும் தேயிலை பறிக்கவும் வந்த எங்கள் ஆட்கள்? தலைமன்னாருக்கு 1914 வரை ரயில் கிடையாது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். கோப்பிக் கொட்டைக்கு ரயில், ஆளுக்குக் கால்நடை. 2023-ல் மலையக மக்கள் வந்து 200 வருசம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்களே, அந்தப் பாதைதான். இந்தச் சரித்திரமெல்லாம் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் தண்டவாளத்தில்தான் கிடக்கிறது. ஹோட்டல் லொபியில் மாட்டியிருந்த பெரிய படம் யானையும் மாளிகையும்.

சரி, காசுக்கு வருவோம். இரண்டு பேருக்கு ஓர் இரவுக்கு, காலைச் சாப்பாட்டோடு 8,000 ரூபா சொச்சம் வந்தது. கண்டியில் இந்தச் சுத்தத்துக்கு இது மலிவு, மறுபேச்சு இல்லை. ஆனால் தோட்டத்தில் 2024 செப்டெம்பரில்தான் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தக் கணக்கில் இந்த அறை ஆறு பேர்; எங்கள் பேச்சில் பேர் என்றால் ஒரு முழு நாள் சம்பளம். அதாவது ஆறு நாள் மலைக்குப் போய், கேட்ட கிலோவைக் குறையாமல் பறித்துப் போட்டு, பேர் விழுந்தால் ஓர் இரவு. நான் டவுனில் சம்பளம் வாங்குகிறேன், தங்கினேன். எங்கள் பக்கத்து லயத்திலிருந்து அதே கிளினிக்குக்கு வரும் அக்கா தங்க முடியாது. ராத்திரி கீழே பழம் வாங்க இறங்கியபோது ஸ்டேசன் வாங்குகளில் சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தவர்களைப் பார்த்தேன். மடியில் ஆஸ்பத்திரிக் கொப்பி, பக்கத்தில் சாப்பாட்டுப் பாத்திரம், பிளாஸ்க். யாருக்காக வந்திருக்கிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

ஆகவே இந்த ஹோட்டலைப் புகழ்வதில் எனக்கு ஓர் எல்லை உண்டு. காசுள்ள தமிழனிடம் அது கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான். காசில்லாத தமிழனுக்கும் சிங்களவனுக்கும் அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ரயில்வேக்குச் சில ஸ்டேசன்களில் ஓய்வறைகள் இருக்கின்றன, டிக்கட் வைத்திருப்பவர்கள் தங்கலாம். அதே யோசனையை இன்னும் சின்னதாக்கி, ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில், கிளினிக் கொப்பியைக் காட்டினால் சில நூறு ரூபாவுக்கு ஒரு கட்டில், பூட்டுப் போட ஒரு பெட்டி, பெண்களுக்குத் தனி மண்டபம் என்று கட்டினால் என்ன? தொழிற்சங்கங்கள் மாதா மாதம் சந்தா பிடிக்கின்றன. மலையகத்துக்கு மந்திரிமாரும் குறைவில்லாமல் வந்துபோகிறார்கள். யாத்திரிகர் மடம் கட்டுவதற்கு ஆள் இருக்கிறது, கண்டியில் நோயாளியின் துணைக்கு வருபவருக்கு ஒரு கட்டில் போட ஆள் இல்லை.

காலையில் கதை வேகமாக நடந்தது. ஹோட்டல் சாப்பாடு ஆறரைக்குத்தான் ஆரம்பம். கிளினிக்குப் போகிறவருக்கு அது பிந்திய நேரம். முதல் நாள் ராத்திரியே வரவேற்பில் சொன்னால் பார்சல் கட்டித் தருவார்கள். புசல்லாவைப் பிள்ளை தானாகவே சொல்லிவைத்திருந்தாள். பாண், முட்டை, வாழைப்பழம், கூடவே பருப்புக் கறியும் சம்பலும் தனிப் பைகளில். நாங்கள் நடந்தே போய் நம்பர் எடுத்தபோது எங்களுக்கு முன்னால் ஆள் கொஞ்சம்தான். அம்மா வழியில் ஓரிடத்திலும் மூச்சு வாங்க உட்காரவில்லை. பிரஷர் பார்த்த டொக்டர் இந்த முறை எதுவும் கேட்கவில்லை, எழுதிவிட்டு எக்கோ எடுக்க அனுப்பினார். அந்த 8,000 ரூபாவுக்கு எனக்கு வேறு நியாயம் தேவைப்படவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரோட்டுப் பக்கம் அறை தந்தால் மாற்றிக் கேளுங்கள். பஸ் ஹோர்ன் விடியவிடிய ஓயாது. ரயில் சத்தம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், பஸ் அடங்காது. மேல் மாடி நல்லது. பன்னிரண்டு மணிக்கு அறையை விட வேண்டும், ஆனால் கிளினிக் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. காலையிலேயே பெட்டியைக் கீழே ஒப்படைத்துத் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள், காசு கேட்கமாட்டார்கள். மின்விசிறி கேட்டால் தனியாக ஒன்று கொண்டுவந்து வைப்பார்கள் என்பதை எனக்குப் போகும்போதுதான் சொன்னார்கள். ரயிலில் அட்டன் பக்கம் திரும்புகிறவர்கள் அது கண்டிக்குள் வரும் வண்டியா, பேராதனைக்குப் போய் ஏற வேண்டிய வண்டியா என்று டிக்கட் எடுக்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் பஸ் இருக்கிறது, அதற்குப் பஞ்சமில்லை. தேயிலை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோய்விடுங்கள்.

அம்மாவுக்கு அடுத்த கிளினிக் திகதி டிசெம்பரில் விழுந்திருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் குவியும் மாதம், வாடகையும் ஏறும். பஸ் கிளம்பக் காத்திருந்த நேரத்திலேயே அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டு, ரயில் பக்க அறை ஒன்றை இன்றைய விலைக்கே பிடித்துவைக்க முடியுமா என்று கேட்டேன். மெனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.